குடும்ப ஆதரவுக் குழுக்களுக்கான கொடி: எந்த வடிவம், எந்தத் துணி, என்ன அளவு?

மாலைவெயில்:
தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளின் பெற்றோரும் அண்ணன் தங்கைகளும் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவுக்காகக் கேட்கிறேன். ஜூன் மாதம் சென்னையில் நடக்கும் வானவில் சுயமரியாதைப் பேரணியில் குடும்பங்கள் தனியாகத் தெரிகிற மாதிரி கொடியோ பதாகையோ வேண்டும். மூன்று யோசனைகள் பேச்சில் இருக்கின்றன. ஒன்று, கறுப்பு வெள்ளைப் பட்டைகளின் மேல் வானவில் நிறத்தில் ஆங்கில ‘ஏ’ எழுத்து உள்ள கொடி. இரண்டு, ஆறு நிற வானவில் கொடியின் மேலேயே ‘பெற்றோர்’ என்று எழுதுவது. மூன்று, அமெரிக்காவில் இப்படிப்பட்ட பெற்றோரும் குடும்பங்களும் நடத்தும் பிஃப்ளாக் அமைப்பின் சின்னத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. எதை எடுக்கலாம்? தைப்பதா, அச்சடிப்பதா? சாலை ஓரத்தில் நிற்கிற ஒருவர் பார்த்ததும் இது குடும்பம் என்று புரிந்துகொள்ள வேண்டும், அதுதான் முதல் தேவை.

கொடிமரம்:
மூன்றாவது யோசனையை முதலிலேயே விட்டுவிடுங்கள். பிஃப்ளாக் பெயரும் சின்னமும் அந்த அமைப்பின் வணிகக் குறிகள். அவர்களுடைய ஊர்க் கிளைகள் பயன்படுத்தவே விதிமுறை உண்டு. இணைப்பில்லாத குழு அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது முறையாக இருக்காது.

ஆனால் அவர்களுடைய தொடக்கத்தைத் தெரிந்துகொள்வது உங்கள் வடிவத்துக்கே உதவும். 1972 ஜூன் 25, நியூயார்க் கிறிஸ்டோபர் தெரு விடுதலை நாள் ஊர்வலம். பள்ளி ஆசிரியை ஜீன் மான்ஃபோர்ட் தன் மகன் மோர்ட்டியோடு நடந்தார். அவர் கையில் கொடி கிடையாது. வானவில் கொடி பிறக்க இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. அவர் பிடித்திருந்தது கையால் எழுதிய ஓர் அட்டை: தன்பாலீர்ப்பாளர்களின் பெற்றோரே, நம் பிள்ளைகளுக்கு ஆதரவாக ஒன்றுபடுவோம் என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம். அதைப் படித்தவர்கள் ஓடிவந்து, தங்கள் அப்பா அம்மாவிடமும் பேசச் சொல்லிக் கேட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1973 மார்ச் 11 அன்று கிரீனிச் வில்லேஜில் ஒரு மெத்தடிஸ்ட் தேவாலயத்தில் முதல் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் சுமார் 20 பேர். பிஃப்ளாக் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

குடும்பக் குழுவின் அடையாளத்தில் வேலை செய்வது உறவுமுறையைச் சொல்லும் சொல். நிறம் அதற்குத் துணை. பிஃப்ளாக்கின் பழைய சின்னம் இதயமும் முக்கோணமும் பின்னியது. அந்த முக்கோணம் நாஜி வதைமுகாம்களில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்குத் தைத்துவிட்ட இளஞ்சிவப்பு முக்கோணத்திலிருந்து வந்தது. 1970களில் இயக்கத்தவர் அதைத் தங்கள் அடையாளமாக மீட்டெடுத்தார்கள். தெரிந்தவர்களுக்கு ஆழமான குறி. நம் ஊர்ச் சாலையில் நிற்பவருக்கு அது ஒரு முக்கோணம், அவ்வளவுதான்.

பறைச்சத்தம்:
கறுப்பு வெள்ளைக் கொடி பற்றி. அதை வரைந்தவர் யார் என்று உறுதியாக யாரும் சொல்வதில்லை. 2000களின் பிற்பகுதியில் இணையத்தில் பரவியது. கறுப்பு வெள்ளைப் பட்டைகள் எதிர்பாலீர்ப்பைக் குறிக்கும், நடுவில் கூரை மாதிரி இருக்கும் ‘ஏ’ ஆதரவாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. குறுக்குக் கோடு இல்லாத ‘ஏ’ என்பதால் ஆங்கிலம் தெரிந்தவருக்கே அது எழுத்தாகத் தெரியாது, அம்புமுனை என்றுதான் நினைப்பார்கள்.

குடும்பக் குழுவுக்கு அதில் இன்னும் பெரிய சிக்கல் உண்டு. பெற்றோர் எல்லாரும் எதிர்பாலீர்ப்பாளர்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. அண்ணனும் தங்கையும் இருவருமே தன்பாலீர்ப்புள்ளவர்களாக இருக்கும் வீடுகள் உண்டு. இருபாலீர்ப்புள்ள அம்மாக்கள் உண்டு. அவர்களை எந்தப் பட்டையில் நிறுத்துவீர்கள்?

அச்சுமை:
கூட்டத்துக்குள் வேலைக்காகாது, சரி. ஆனால் பள்ளி ஆலோசகர் அறைக் கதவிலோ மருத்துவர் மேசையிலோ சிறிய ஒட்டியாக வைக்க அந்தக் கொடி பயன்படுகிறது, அதையும் சொல்லவேண்டும். ‘என்னிடம் பேசலாம்’ என்கிற சைகை அது. ஒட்டியாக அடிப்பவர்கள் கவனிக்க: ‘ஏ’யின் ஒவ்வொரு காலுக்குள்ளும் ஆறு நிறக் கோடுகள் வரும். ஒட்டி சிறியதாகப் போகப் போக ஒவ்வொரு கோடும் மிக மெலிந்துவிடும். அச்சில் நிறப்பதிவு கொஞ்சம் விலகினாலே கோடுகளுக்கு நடுவே வெள்ளைக் கீற்று தெரியும். கோடுகளை 0.2 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்துக் கொடுங்கள்.

நூல்கண்டு:
நான் தையல் பக்கம் சொல்கிறேன். ஆறு பட்டைக் கொடியைத் தைத்து எடுப்பதுதான் நல்லது. அச்சடித்த கொடி ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். தைத்தது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

3 அடிக்கு 5 அடி கொடி என்றால் முடிந்த உயரம் 36 இஞ்ச், ஒவ்வொரு பட்டையும் 6 இஞ்ச். இங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது: 6 இஞ்ச் வேண்டும் என்று எல்லாத் துண்டையும் 6 இஞ்சுக்கே வெட்டிவிடுகிறார்கள். தையலில் போனது போக நடுப்பட்டைகள் 5 இஞ்சும், மேல் சிவப்பும் கீழ் ஊதாவும் நாலரை இஞ்சும் ஆகிவிடும். மொத்தக் கொடி 29 இஞ்சுக்குச் சுருங்கும், ஓரப்பட்டைகள் இளைத்துத் தெரியும்.

சரியான கணக்கு இது. நடுவில் வரும் நான்கு நிறங்கள் (ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம்) 7 இஞ்ச். சிவப்பும் ஊதாவும் ஏழரை. ஒவ்வொரு கூட்டுத் தையலுக்கும் இரு துணியிலும் அரை இஞ்ச், மேல் கீழ் ஓரத்தில் அரை இஞ்சாக இரண்டு மடிப்பு. நீளம் 63 இஞ்ச்: பறக்கும் ஓரத்தில் (கம்பத்துக்கு எதிர்ப்பக்கம்) ஒரு இஞ்சாக இரண்டு மடிப்பு, கம்பப் பக்கம் கேன்வாஸ் பட்டிக்குள் போக அரை இஞ்ச், மீதி அரை இஞ்ச் நேர்செய்யும்போது கத்தரித்துவிடலாம்.

துணி வாங்கும்போது 44 இஞ்ச் அகலத்தில் பாவுப் போக்காக, அதாவது கரைக்கு இணையாக வெட்டுங்கள். ஊடைப் போக்கில் வெட்டினால் 63 இஞ்ச் நீளம் கிடைக்காது, ஒட்டுப்போட வேண்டிவரும். பாவுப் போக்கில் 7 இஞ்ச் துண்டுகள் ஆறு, ஏழரை இஞ்ச் துண்டுகள் ஐந்து வரும். ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றேமுக்கால் மீட்டர், மொத்தம் பத்தரை மீட்டர் எடுத்தால் ஐந்து கொடி தைக்கலாம். ஒரு கொடிக்காக வாங்கினாலும் ஏறத்தாழ இதே நீளம்தான் ஆகும் என்பதால் ஐந்தாகவே தைத்துவிடுவது லாபம்.

மாலைவெயில்:
நன்றி நூல்கண்டு அக்கா. என்ன துணி? பருத்தி வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். எந்தத் தையல் நிற்கும்?

நூல்கண்டு:
பருத்தி வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. 1978 ஜூன் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கரும் நண்பர்களும் ஏற்றிய முதல் வானவில் கொடிகள் பருத்தி மஸ்லினில், கையால் சாயம் தோய்த்தவை. முப்பது பேர் அளவில் தன்னார்வலர்கள் சேர்ந்து சாயமிட்டு, தேய்த்து, தைத்தார்கள். ஆனால் பருத்தி ஈரம் குடித்தால் கனத்துத் தொங்கும், காற்றில் எழும்பாது. கையில் பிடித்து நடக்க மெல்லிய பாலியெஸ்டர் டஃபெட்டா போதும். சாட்டின் பளபளப்பு அழகுதான், ஆனால் வெட்டிய ஓரம் நூல்நூலாகப் பிரியும். அவசரத்தில் தைக்கிறவர்கள் சாட்டினைத் தொடவேண்டாம்.

பருத்தியே எடுத்தால் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக நனைத்துக் காயப்போடுங்கள். சுருங்கவேண்டியது சுருங்கிவிடும். பிறகு ஈரச் சிவப்புத் துணியை ஒரு வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தச் சிவப்பு வேண்டாம், மழையில் ஆரஞ்சைக் கெடுத்துவிடும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பது கடைச் சாயமேற்றிய பருத்திக்குப் பலிக்காது.

தையல் எது என்றால், ஜீன்ஸ் கால் ஓரத்தில் பார்ப்பீர்களே, உள்ளே வெட்டுமுனை தெரியாமல் மடித்து இரண்டு ஓட்டு ஓட்டிய தையல், அதுதான். அரை இஞ்ச் விட்டு முதல் ஓட்டு. ஒரு பக்க விளிம்பைக் கால் இஞ்சுக்குக் கத்தரித்து, மற்ற விளிம்பை அதன்மேல் மடித்து இரண்டாவது ஓட்டு. மடிப்பை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் கவனம் தேவை: எப்போதும் அடர்நிறத்தின் பக்கம். மஞ்சள்-பச்சைத் தையலில் மடிப்பு பச்சைப் பக்கம், ஆரஞ்சு-மஞ்சளில் ஆரஞ்சுப் பக்கம். மஞ்சளின் பின்னால் பச்சை விளிம்பு கிடந்தால் வெயிலில் தூக்கிப் பிடிக்கும்போது அழுக்குக் கோடு மாதிரி தெரியும். இஞ்சுக்கு எட்டுத் தையல், பாலியெஸ்டர் நூல்.

பறக்கும் ஓரம்தான் முதலில் கிழியும், அதிலும் இரண்டு மூலைகள். அங்கே நான்கு ஓட்டு போடுங்கள், மூலையில் ஒரு முக்கோணத் துண்டு உள்ளே வைத்துத் தையுங்கள்.

அச்சுமை:
வெளியே அச்சுக்குக் கொடுப்பவர்களுக்கு நிற எண்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எழுதும் ஆர்ஜிபி முறையில் பரவலாகப் புழங்குவது: சிவப்பு 228, 3, 3. ஆரஞ்சு 255, 140, 0. மஞ்சள் 255, 237, 0. பச்சை 0, 128, 38. நீலம் 36, 64, 142. ஊதா 115, 41, 130. திருநர் கொடியையும் சேர்த்தால் வெளிர்நீலம் 91, 206, 250, இளஞ்சிவப்பு 245, 169, 184, நடுவில் வெள்ளை.

திரையில் பார்ப்பது அச்சில் வராது. அச்சு மைகளான சயான் (வெளிர்நீலம்), மஜெந்தா (கருஞ்சிவப்பு) இரண்டையும் 100 சதவீதம் வைத்தால் நீலம் ஊதாவாக விழும், பக்கத்திலேயே உண்மையான ஊதாப் பட்டை இருப்பதால் இரண்டும் ஒன்றாகி ஐந்து பட்டைக் கொடியாகத் தெரியும். நீலத்தில் மஜெந்தா சயானைவிடக் குறைந்தது 30 புள்ளி குறைவாக இருக்கட்டும். மொத்தமாக அடிக்கும் முன் அதே துணியில் ஒரு கை அகலத் துண்டு மாதிரி கேட்டு வாங்குங்கள், காகிதத்தில் வேண்டாம்.

சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் துணியில் ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு பாலியெஸ்டரில் மட்டும்தான் பிடிக்கும். பருத்தியில் அடித்தால் முதல் சலவையிலேயே வெளுத்துவிடும். எழுத்து உள்ள துணி என்றால் பின்பக்கம் கண்ணாடி பிம்பமாகத் தெரியும். இரு பக்கமும் நேராக வேண்டுமானால் இரண்டு துணிக்கு நடுவே ஒளி தடுக்கும் துணி வைக்கவேண்டும். எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், லேசான காற்றில் பறக்கவே பறக்காது.

கொடிமரம்:
அதனால்தான் கொடியில் எழுத்து கூடாது என்கிறேன். வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்றே எழுத்தும் முத்திரையும் வேண்டாம் என்பது. குழந்தைகூட நினைவிலிருந்து வரையக்கூடிய எளிமை, பொருளுள்ள குறி, இரண்டு மூன்று நிறம், தனித்துத் தெரிவது, இவை மற்றவை. வானவில் கொடி நிறக்கணக்கை மீறுகிறது, ஆனாலும் நிற்கிறது, ஏனென்றால் வரிசை எல்லாருக்கும் மனப்பாடம்.

பறைச்சத்தம்:
எழுத்தே வேண்டாம் என்றால் குடும்பம் என்பது எப்படித் தெரியும்? மான்ஃபோர்ட் கதையைச் சொன்னதே நீங்கள்தானே. நம் நாட்டுப் பெற்றோரையே எடுத்துக்கொள்வோம். மும்பையில் 2017இல் தொடங்கிய ஸ்வீகார் பெற்றோர் குழு, 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தில் தன்பாலினத் திருமண உரிமை வழக்கு நடந்தபோது தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில் 400க்கும் அதிகமான பெற்றோர் சேர்ந்திருந்தார்கள். அந்தக் கடிதத்துக்கு எடை வந்தது, எழுதியவர்கள் தங்களைப் பெற்றோர் என்று சொல்லிக்கொண்டதால். தெருவிலும் அந்தச் சொல் கண்ணில் படவேண்டும்.

கொடிமரம்:
முரண் இல்லை தோழர். கொடி வேறு, பதாகை வேறு. கொடி அசையும், எழுத்து மடிந்துபோகும். பதாகை விறைப்பாக நிற்கும். எழுத்தைப் பதாகையில் வையுங்கள், ஆறு பட்டைக் கொடிகளை அதன் இருபுறமும் கையில் பிடியுங்கள். ‘பெற்றோர்’ என்பதை ஆறு நிறத்துக்கும் குறுக்கே எழுதினால் கறுப்பு எழுத்து நீலத்திலும் ஊதாவிலும் மறையும், வெள்ளை எழுத்து மஞ்சளில் மறையும். எந்த மையும் ஆறு பட்டையிலும் ஒன்றுபோலத் தெரியாது. வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்து, கீழே மட்டும் ஆறு நிறமும் ஒவ்வொன்றும் ஒரு இஞ்சாக ஓடட்டும்.

பறைச்சத்தம்:
அதை ஒத்துக்கொள்கிறேன். வெள்ளைப் பதாகைதான் சரி.

அச்சுமை:
எழுத்து அளவுக்குப் பலகை எழுதுவோர் வைத்திருக்கும் கணக்கு: பத்து அடி தூரத்துக்கு ஒரு இஞ்ச் உயரம். எதிர் நடைபாதை 50 அடி என்றால் 5 இஞ்ச். தமிழில் மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் வருவதால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூட்டுங்கள். 3 அடி உயரப் பதாகையில் 7 இஞ்ச் எழுத்தில் இரண்டு வரி வசதியாக வரும், மூன்றாவது வரி நெருக்கடி. ‘எங்கள் பிள்ளைகளோடு பெற்றோர் நாங்கள்’ அளவுக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். பாலீர்ப்பு, பாலினம் பற்றிய சொற்களில் சந்தேகம் வந்தால், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட சொற்பட்டியலைப் பாருங்கள்.

கோப்பைக் கொடுக்கும் முன் எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அச்சகத்துக் கணினியில் எழுத்துரு இல்லாமல் ‘பெற்றோர்’ என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். போட்டோஷாப்பில் தெற்காசிய மொழி அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தட்டச்சு செய்தாலும் அதே கோளாறு. மாதிரிப் படத்தை ஒவ்வொரு எழுத்தாகத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் பார்த்த பிறகே அச்சுக்குப் போகட்டும்.

க்யூஆர் குறி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஐந்து மீட்டரிலிருந்து படிக்க அரை மீட்டர் சதுரம் வேண்டும், நடக்கிற துணி சுருங்கினால் அதுவும் படியாது. துண்டறிக்கையில் போடுங்கள்.

சணல்கயிறு:
தூக்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை. 3க்கு 10 அடி பதாகை என்பது 30 சதுர அடிப் பாய்மரம். மணிக்கு 20 கி.மீ. காற்று நேராக அடித்தால் சுமார் 6 கிலோ தள்ளும், 30 கி.மீ. ஆனால் 14 கிலோ. கடற்காற்று கிளம்பும் மாலை நேரத்தில், வயதான பெற்றோர் இரண்டு முனையில் மட்டும் பிடித்து ஒரு மணி நேரம் நடக்க முடியாது. நான்கு பேர் பிடிக்கிற மாதிரி மேல் விளிம்பில் மூன்றடிக்கு ஒரு நாடா வளையம் தைத்துவிடுங்கள்.

பக்கக் கம்புக்கு ஒரு இஞ்ச் பிவிசி குழாய் போதும். ஆனால் அதன் வெளிவிட்டம் ஒரு இஞ்ச் அல்ல, 32 முதல் 34 மி.மீ. சுற்றளவு சுமார் நான்கு இஞ்ச். துணியை மடித்துத் தைக்கும் குழலின் தட்டை அகலம் இரண்டரை இஞ்ச் இருக்கவேண்டும், ஆகவே ஒவ்வொரு பக்கமும் ஐந்தரை இஞ்ச் கூடுதல் துணி. இரண்டு இஞ்சுக்குத் தைத்துவிட்டுப் பேரணி தொடங்குமிடத்தில் குழாய் நுழையாமல் நிற்பது வழக்கமான காட்சி. குழலின் மேல்முனையை மூடித் தையுங்கள், துணி கீழே வழுக்காது. குழாயின் இரு முனைக்கும் மூடி மாட்டுங்கள், நெரிசலில் கண்ணில் குத்தாது.

ஃப்ளெக்ஸில் அரைவட்டமாகக் காற்று ஓட்டை வெட்டுவது பெரிதாக உதவாது, அந்த வெட்டிலிருந்தே கிழியும். காற்றுக்குப் பயந்தால் வலைத்துணி.

வேப்பம்பூ:
குடும்பங்களில் முகம் வெளியே தெரிய விரும்பாதவர்கள் இருப்பார்கள். பதாகையில் ஊர்ப்பெயர், பள்ளி, தனி ஆள் தொலைபேசி எண் எதுவும் வேண்டாம். ‘இன்னாரின் அம்மா’ என்ற அட்டையை அந்தப் பிள்ளையிடம் கேட்டு, பிள்ளை சம்மதித்தால் மட்டுமே எழுதுங்கள். படம் எடுத்து ஒரு நிமிடத்தில் ஊர்முழுக்கப் போய்விடும், மாட்டிக்கொள்வது பிள்ளைதான். நிற்கும்போது பதாகையின் மேல்விளிம்பைத் தோள் உயரத்துக்கு ஏற்றிப் பிடித்தால் பின்வரிசையில் நடப்பவர்கள் படத்தில் அதிகம் விழமாட்டார்கள்.

இன்னொன்று. மூவர்ணக் கொடியோடு வானவில்லைக் கலக்காதீர்கள். தேசியக் கொடியில் எழுதுவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அவமதிப்பு. தனிக் கம்பில் தேசியக் கொடி கொண்டுபோவதற்கும் தனி விதிகள் உண்டு.

மாலைவெயில்:
எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒரு சந்தேகம்: ஆறு பட்டையா, முக்கோணம் சேர்ந்த புதிய கொடியா? திருநர் பிள்ளைகளின் பெற்றோரும் குழுவில் இருக்கிறார்கள்.

கொடிமரம்:
திருநர் குடும்பங்கள் இருந்தால் அவர்களுடைய நிறம் கட்டாயம் இருக்கவேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நீங்கள் சொல்வது 2018இல் டேனியல் குவேசர் வடிவமைத்தது. கம்பப் பக்கம் வெள்ளை, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், பழுப்பு, கறுப்பு அம்புமுனைகள். 2017இல் ஃபிலடெல்பியா நகரம் ஆறு பட்டைக்கு மேல் கறுப்பையும் பழுப்பையும் சேர்த்ததன் தொடர்ச்சி. குவேசரின் வடிவம் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கான உரிமத்தில் இருக்கிறது. நீங்களே செய்து பேரணியில் பிடிக்கலாம், அடித்து விற்று நிதி திரட்ட அனுமதி வாங்கவேண்டும். பேக்கரின் கொடிக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை, அவர் அதை எல்லாருக்கும் பொதுவாகவே விட்டார். மோனிகா ஹெல்ம்ஸ் 1999இல் வடிவமைத்த திருநர் கொடி ஐந்து நேர்ப்பட்டை. என் யோசனை, அதைத் தனிக் கொடியாகத் தைத்து ஆறு பட்டைக்குச் சமமான அளவில் பக்கத்திலேயே பிடியுங்கள்.

நூல்கண்டு:
தையலும் அதையேதான் சொல்லும். அம்புமுனைத் துண்டுகள் எல்லாம் சாய்வாக வெட்டவேண்டியவை, சாய்வெட்டு ஓரம் தைக்கும்போதே இழுபட்டு அலையலையாகிவிடும். அந்தக் கொடி வேண்டும் என்றால் அச்சடியுங்கள். திருநர் கொடிக்குக் கணக்கு: 36 இஞ்சை ஐந்தால் வகுத்தால் 7.2 வரும், அளவுநாடாவில் திண்டாட்டம். முடிந்த உயரத்தை 35 ஆக வையுங்கள், பட்டைக்கு 7 இஞ்ச். உள்பட்டை மூன்றும் 8 இஞ்சுக்கு வெட்டுங்கள், மேலும் கீழும் வரும் வெளிர்நீலம் எட்டரை.

சணல்கயிறு:
சுவரிலோ விளக்குக் கம்பத்திலோ செங்குத்தாகத் தொங்கவிட்டால் சிவப்பு, பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் வரட்டும். 1979இல் வானவில் கொடியின் ஏழு பட்டை ஆறானதும் விளக்குக் கம்பத்தால்தான்: சான் பிரான்சிஸ்கோ மார்க்கெட் தெருக் கம்பங்களில் செங்குத்தாகத் தொங்கவிட்டபோது நடுப்பட்டையைக் கம்பம் மறைத்தது. ஐந்து பட்டைத் திருநர் கொடியைக் கம்பத்தின் நடுவில் கட்டினால் வெள்ளை மறைந்துபோகும். அதைக் கம்பத்தின் ஒரு பக்கமாகவே கட்டுங்கள். மழையில் நனைந்தால் அன்றைக்கே விரித்துக் காயப்போட்டு, குழாயில் சுருட்டி வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் மடிப்புக்கு மடிப்பு சிவப்பு ஏறிவிடும்.